பேஸ்பாலுக்குக் கடிகாரம் தேவையா?

கேள்வி: "கடிகாரம் இல்லாததுதான் பேஸ்பாலின் அழகு. ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட் எடுக்கும்வரை ஆட்டம் முடியாது, அவ்வளவுதான் கணக்கு. இப்போது பிட்ச் கிளாக் என்று, ஒவ்வொரு பந்தையும் வீசுவதற்கான நொடிகளை எண்ணும் கடிகாரம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். மூன்று மணி நேரம் உட்காரப் பொறுமை இல்லாதவர்களுக்காக விளையாட்டையே மாற்றலாமா?"

2023 பிப்ரவரி 26

போன வருடம்வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாறியது பிரிட்ஜ்வாட்டரில். நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்குத் தெரியும், சாமர்செட் பேட்ரியட்ஸ் அங்கேதான் ஆடுகிறது. நியூயார்க் யாங்கீஸின் டபுள்-ஏ அணி, அதாவது மேஜர் லீக்கிற்கு இரண்டு படி கீழே. மேஜர் லீக்கிற்கு முன்பே, 2022இல், மைனர் லீக் முழுக்க கிளாக் வந்துவிட்டது. ஜூலையில் ஒரு புதன்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. அதற்கு முன் நாங்கள் போன எந்த ஆட்டத்திலும் ஏழாவது இன்னிங்ஸைத் தாண்டியதில்லை. ஒன்பதரை ஆனதும் தோளில் சாய்ந்துவிடுவாள், தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு நடப்பேன். முடிவை மறுநாள் போனில் பார்த்துக்கொள்வோம்.

அந்த புதன்கிழமை மணி ஒன்பதேகால். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்ற ஃபீல்டர் ஒரு சாதாரண தரைப் பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தார், முடிந்தது. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். "அவ்வளவுதானா? முடிஞ்சிடுச்சா?" என்றாள். ஒரு ஆட்டத்தின் கடைசி அவுட்டை அவள் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் நேற்று நடந்ததைப் பார்த்தால் கேள்வி கேட்டவரின் கோபம் நியாயம்தான். ஃபுளோரிடாவில் நார்த் போர்ட்டில் அட்லாண்டா பிரேவ்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பயிற்சி ஆட்டம். 6-6. ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி (உள்ளூர் அணி அடிக்கும் பாதி), மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். எல்லைக்கு வெளியே போய் பேட்டர் அடிக்காமல் விட்ட பந்துதான் பால்; நான்கு பால் சேர்ந்தால் சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். பேஸ்பாலில் இதைவிட இறுக்கமான இடம் கிடையாது. பேட்டர் கால் கான்லி நேரத்துக்குள் தயாராகவில்லை என்று அம்பயர் தானியங்கி ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டார். மூன்றாவது ஸ்ட்ரைக். ஆட்டம் டிரா. கான்லி தனக்கு வாக் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் கிளம்பவே ஆரம்பித்துவிட்டார். பந்தே வீசப்படவில்லை.

பேஸில் ஆள் இல்லாதபோது 15 நொடி, இருந்தால் 20 நொடி. அதற்குள் பந்து, வீசுபவரான பிட்சரின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

2023 பிப்ரவரி 26, இரவு

மேலே கடைசி வரியில் தவறு. பந்து கையை விட்டுப் போக வேண்டியதில்லை. கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் முன் பிட்சர் வீசும் அசைவைத் தொடங்கிவிட்டால் போதும். பேட்டருக்கு வேறு கணக்கு: எட்டு நொடி மிச்சம் இருக்கும்போதே தரையில் கோடு போட்ட தன் பெட்டிக்குள் நின்று பிட்சரைப் பார்த்தாக வேண்டும். பிட்சர் தவறினால் ஒரு பால், பேட்டர் தவறினால் ஒரு ஸ்ட்ரைக். பேட்டர் ஒரு முறை வந்தால் ஒரே ஒரு தடவைதான் டைம் கேட்கலாம்.

சான் டியேகோவின் மேனி மச்சாடோதான் முதல் பலி. வெள்ளிக்கிழமை, பயிற்சி ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸ். ஒரு பந்தைக்கூடப் பார்க்காமலே 0-1, அதாவது பால் இல்லை, ஒரு ஸ்ட்ரைக்.

2023 மார்ச் 1

"ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்த்து வளர்ந்த நமக்கு மூன்று மணி நேரம் நீளமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சேப்பாக்கத்தில் ஐந்தாம் நாள் மாலை ஸ்பின்னர் ஒரு ஓவரை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். ஆட்டம் நீளம், ஆனால் பந்து வந்துகொண்டே இருக்கும். பேஸ்பாலில் 2021இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி மூன்று மணி பத்து நிமிடம். 1985 வாக்கில் இரண்டு மணி 40 நிமிடத்தில் முடிந்த அதே ஒன்பது இன்னிங்ஸ்தான், அதே 27 அவுட்தான். கூடுதலாக வந்த அரை மணியில் ஒரு பகுதி கையுறையைக் கழற்றி மாட்டும் நேரம்.

மெதுவானவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். டெக்சஸுக்கும் கிளீவ்லாந்துக்கும் ஆடிய மைக் ஹார்க்ரோவுக்கு "மனித மழைத் தாமதம்" என்றே பட்டப்பெயர். ஒவ்வொரு பந்துக்கும் பெட்டியை விட்டு வெளியே வருவார், கட்டைவிரல் உறையை அழுத்துவார், சட்டைக் கையை இழுப்பார், பேண்ட்டை ஏற்றுவார். அவர் ஒருவர் என்பதால் அது வேடிக்கை. ஒன்பது பேரும் ஹார்க்ரோவ் ஆனால் வேடிக்கை எங்கே?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பேஸில் ஆள் இல்லாதபோது 12 நொடிக்குள் வீச வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் பல வருடங்களாக எழுதியே இருந்தது, மீறினால் பால் என்ற தண்டனையோடு. யாரும் எண்ணவில்லை. எண்ணுகிற கருவி மைதானத்தில் இல்லை. எனவே "புதிதாக விதியைத் திணிக்கிறார்கள்" என்பது பாதிதான் சரி. இருந்த விதிக்கு இப்போது கண் கொடுத்திருக்கிறார்கள்.

2023 மார்ச் 31

நேற்று சீசன் தொடங்கியது. சிகாகோ கப்ஸின் மார்கஸ் ஸ்ட்ரோமன் வழக்கமான சீசனில் கிளாக் விதியை மீறிய முதல் ஆள். மூன்றாவது இன்னிங்ஸ். ஒரு பால், அவ்வளவுதான், ஆட்டம் பாட்டுக்கு நடந்தது.

நான் டிவி முன்னால் ஸ்கோர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பென்சிலால் ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொள்வது பதினைந்து வருடப் பழக்கம். நேற்று மூன்று பந்து விட்டுப்போனது. பென்சிலைச் சீவக் குனிந்தேன், நிமிர்வதற்குள் இரண்டு ஸ்ட்ரைக். முன்பெல்லாம் பென்சில் சீவி, காபி கலந்து, அம்மாவுக்கு போன் போட்டு நலம் விசாரித்துவிட்டு வந்தாலும் அதே பேட்டர் நின்றுகொண்டிருப்பார். கொஞ்சம் மூச்சு முட்டியது என்பது உண்மை. பிடித்திருந்தது என்பதும் உண்மை.

2023 ஏப்ரல் 16

ஆட்டம் சீக்கிரம் முடிவதால் பீர் விற்கும் நேரம் குறைகிறதாம். ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்தும் வழக்கத்தை மில்வாக்கி உட்பட சில அணிகள் எட்டாவதுவரை நீட்டியிருக்கின்றன. பிலடெல்பியா பிட்சர் மேட் ஸ்ட்ராம் இதை எதிர்த்துப் பேசினார். வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் தெளிவதற்குத்தானே ஏழோடு நிறுத்துகிறார்கள், ஆட்டம் வேகமானால் இன்னும் முன்னால் அல்லவா நிறுத்த வேண்டும் என்கிறார். அவர் பேச்சில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

2023 ஜூலை 9

கிட்டத்தட்ட மூன்று மாதமாக எழுதவில்லை. யோசனை மாறிக்கொண்டே இருந்தது. இப்போது ஓரளவு தெளிவாகிவிட்டது, நீளமாக எழுதுகிறேன்.

ஆட்டத்தைச் சுருக்குவது வேறு, காத்திருப்பைச் சுருக்குவது வேறு. இரண்டையும் "வேகப்படுத்தல்" என்ற ஒரே பையில் போட்டுக் குலுக்குவதால்தான் நமக்குள் சண்டை வருகிறது.

பிட்ச் கிளாக் சுருக்குவது காத்திருப்பை. ஒன்பது முடிந்தும் சமநிலை என்றால் வரும் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் சும்மா ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அது சுருக்குவது ஆட்டத்தை. 2020இல் கொரோனாவுக்காகக் கொண்டுவந்தார்கள், இந்தப் பிப்ரவரியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அந்த ஆள் எப்படி இரண்டாவது பேஸுக்கு வந்தார்? அடித்தாரா, வாக் வாங்கினாரா, பிட்சர் வீசும் நேரத்தில் ஓடி பேஸைத் திருடினாரா? எதுவும் இல்லை. என் ஸ்கோர் புத்தகத்தில் அவருக்கு எழுத ஒரு குறி கிடையாது. ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு காரணம் எழுத முடிகிற விளையாட்டு இது. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடுகிறேன்.

2017இல் வந்த தானியங்கி வாக்கும் அதே வகைதான். முன்பு வேண்டுமென்றே வாக் கொடுக்க வேண்டுமானால் நான்கு பந்துகளை வெளியே வீச வேண்டும். இப்போது மேனேஜர் கையைக் காட்டினால் போதும். ஓர் ஆட்டத்தில் அதனால் ஒரு நிமிடம் மிச்சமாகுமா? ஆனால் போனது என்ன தெரியுமா? 2006 ஜூனில் பால்டிமோர் பிட்சர் அப்படி வெளியே வீசிய பந்து போதுமான அளவு வெளியே போகவில்லை. ஃபுளோரிடாவின் மிகேல் கப்ரேரா எட்டி ஒரே அடி. ஒரு ரன் வந்தது, எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில். அந்த மாதிரி ஒன்று இனி நடக்கவே நடக்காது.

இன்னொன்று. வீரர்களின் நேரத்தில் கை வைத்தவர்கள் விளம்பரத்தில் கை வைக்கவில்லை. அரை இன்னிங்ஸ்களுக்கு இடையே இரண்டு நிமிடம் 15 நொடி. கீழ்ப்பாதி ஒன்பதுவரை போகும் ஆட்டத்தில் 17 இடைவெளி. பெருக்கிப் பாருங்கள், 38 நிமிடத்துக்கு மேல். உண்மையாகவே நம் நேரத்தின் மேல் அக்கறை இருந்தால் அங்கேயும் கத்தி விழ வேண்டும்.

2023 ஜூலை 10

"கான்லி விஷயத்தில் என்ன சொல்கிறீர்கள், அது காத்திருப்பா ஆட்டமா?" என்று கேட்கிறார்கள். சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், பேஸ் எல்லாம் நிறைந்து, 3-2. அங்கே காத்திருப்பதுதான் ஆட்டம். பிட்சர், பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் சைகையைப் பார்த்துத் தலையசைக்கிறார், மறுக்கிறார், திரும்பப் பார்க்கிறார். மைதானமே எழுந்து நிற்கிறது. அந்த இருபது நொடி முப்பதானால் யாருக்கு என்ன நஷ்டம்?

அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும் கிளாக்கை அணைக்கலாம் என்று முதலில் எழுதி அழித்துவிட்டேன். அணைத்தால் எட்டு இன்னிங்ஸ் ஓடிவிட்டு ஒன்பதாவதில் எல்லோரும் ஹார்க்ரோவ் ஆகிவிடுவார்கள். கொஞ்சம் நீட்டலாம். 20ஐ 25 ஆக்கலாம். அவ்வளவுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது.

2023 அக்டோபர் 3

சீசன் முடிந்தது. சராசரி இரண்டு மணி 40 நிமிடம். போன வருடம் மூன்று மணி நான்கு நிமிடம். 24 நிமிடம் போயே போய்விட்டது. டிக்கெட் விற்பனை ஏழு கோடியைத் தாண்டியிருக்கிறது.

யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு வளர்ந்தது பேஸ் திருடுவதுதான். 2022இல் 2,486, இந்த வருடம் 3,503. பிட்சர் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் வீசும் பலகையை விட்டுக் காலை எடுக்கலாம் அல்லது பேஸில் நிற்கும் ரன்னரை அவுட் ஆக்க அந்தப் பேஸுக்கு எறியலாம், மூன்றாவது தடவை அவுட் ஆக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் ரன்னருக்கு ஒரு பேஸ் இலவசம். பேஸின் அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. அட்லாண்டாவின் ரொனால்ட் அகூனா 41 ஹோம் ரன்னும் 73 திருட்டும். ஒரே சீசனில் 40ம் 70ம் சேர்த்து அவருக்கு முன் யாரும் தொட்டதில்லை.

பிட்சர் இரண்டு முறை எறிந்து முடித்த பிறகு ரன்னரின் காலைப் பாருங்கள். ஒரு அடி, இன்னும் அரை அடி என்று தள்ளித் தள்ளி நிற்பார். பிட்சருக்குத் தெரியும், ரன்னருக்குத் தெரியும், மைதானம் முழுக்கத் தெரியும். காத்திருப்பைக் குறைக்கப் போய் புதிதாக ஒரு பரபரப்பு பிறந்திருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

2023 நவம்பர் 7

பேஸ்பால் இல்லை, ஆனால் இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது. நேற்று டெல்லியில் ஏஞ்சலோ மேத்யூஸ் "டைம்டு அவுட்". சர்வதேச கிரிக்கெட்டில் முதல் தடவை. இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த பந்துக்குத் தயாராக வேண்டும். ஹெல்மெட்டின் வார் அறுந்து அவர் மாற்று ஹெல்மெட் கேட்கும் நேரத்தில் ஷாகிப் அப்பீல் செய்தார். ஒரு பந்துகூட ஆடாமல் திரும்பிப் போனார். டக் அவுட்டைவிட இது வலிக்கும்.

பேஸ்பாலில் இந்த இடத்தை யோசித்திருக்கிறார்கள். கேட்சரின் கவசம் கழன்றால், சைகை அனுப்பும் பிட்ச்காம் கருவி வேலை செய்யாவிட்டால், அம்பயர் கிளாக்கை நிறுத்தலாம். தண்டனையும் ஒரு பால் அல்லது ஒரு ஸ்ட்ரைக், முழு அவுட் இல்லை. கான்லிக்கு நடந்தது ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக் இருந்ததால். சிறிய தண்டனை, அடிக்கடி, எல்லோருக்கும் ஒரே மாதிரி. கிரிக்கெட்டில் பெரிய தண்டனை, நூற்றாண்டுக்கு ஒருமுறை. எனக்கு முதலாவதுதான் நியாயமாகப் படுகிறது.

2023 டிசம்பர் 22

அடுத்த வருடம் பேஸில் ஆள் இருந்தால் 20க்குப் பதில் 18 நொடியாம். போதும் என்று ஓரிடத்தில் நிறுத்தத் தெரியாதா? நான் ஜூலையில் 25 கேட்டேன், அவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். பெரும்பாலான பிட்சர்கள் நேரம் மிச்சம் இருக்கும்போதே வீசிவிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். மிச்சம் இருக்கிறது என்பதற்காக எடுத்துக்கொள்ள வேண்டுமா? அந்த மிச்சம்தான் இறுக்கமான இடத்தில் ஒரு மூச்சு விட உதவியது.

2024 ஏப்ரல் 8

கிளீவ்லாந்தின் ஷேன் பீபருக்கு முழங்கை அறுவை சிகிச்சை. அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடருக்கும் முழங்கையில் சேதம். கிளாக்தான் காரணம் என்று வீரர்கள் சங்கம் சொல்கிறது, லீக் மறுக்கிறது. தசைக்கு ஓய்வு குறைந்தால் தசைநாரின் மேல் பாரம் ஏறும் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. இது உண்மையென்றால் மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார். என் மகள் கடைசி அவுட்டைப் பார்ப்பதற்காக ஒருவர் கை போகக் கூடாது.

2024 டிசம்பர் 20

ஏப்ரல் குறிப்பின் தொடர்ச்சி. லீக்கின் காய ஆய்வு வெளியாகியிருக்கிறது. முக்கியக் காரணம் வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும் என்கிறது. நான்கு-தையல் ஃபாஸ்ட்பால் என்ற நேர் வேகப்பந்தின் சராசரி 2008இல் மணிக்கு 91.3 மைல், இந்த வருடம் 94.2. லீக்கின் ஆய்வு லீக்கின் விதியைக் குற்றம் சொல்லுமா என்று சிலர் கேட்பது புரிகிறது. ஆனால் முழங்கை அறுவை சிகிச்சைகள் கிளாக்குக்குப் பல வருடம் முன்பே ஏறத் தொடங்கிவிட்டன. என் மனதில் இது இன்னும் முழுக்கத் தீரவில்லை, 18ஐ 20க்காவது திருப்பிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் மட்டும் வலுத்திருக்கிறது.

2025 செப்டம்பர் 24

2026இல் அம்பயரின் பால்-ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துக் கேட்கலாம். ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு. பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையில் தட்டினால் போதும். மேனேஜர் வெளியே வந்து கத்தும் நேரத்தைவிடக் குறைவு. எனக்குச் சம்மதம்.

2025 அக்டோபர் 28

இரண்டு மணி நேரம்தான் தூங்கினேன். சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், டொரோன்டோ புளூ ஜேஸ், 18 இன்னிங்ஸ். பிளே-ஆஃபில் இரண்டாவது பேஸில் சும்மா ஆள் நிறுத்துவது கிடையாது. அதனால்தான் இப்படி ஒரு ஆட்டம் நடக்க முடிந்தது. டாட்ஜர்ஸின் ஓட்டானி ஒன்பது முறை பேஸுக்குப் போனார், அதில் நான்கு முறை டொரோன்டோ பந்து வீசாமலே அனுப்பியது. வில் க்ளைன் என்று அதிகம் அறியப்படாத ஒருவர் கடைசி நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடிக்கும்போது இங்கே மணி இரண்டே முக்கால் தாண்டிவிட்டது.

மகளுக்கு இப்போது பதினொன்று. பத்தாவது இன்னிங்ஸ்வரை பிடித்துப் பார்த்தாள், அப்புறம் சோபாவிலேயே தூங்கிவிட்டாள். ஸ்கோர் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம்தான். பதின்மூன்றாவதுக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

2025 அக்டோபர் 30

காலையில் அவள் கேட்டாள்: "கிளாக் இருந்தும் ஏம்ப்பா இவ்ளோ நேரம்?" அதற்காக 2018 புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். அதுவும் வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டம். அதே டாட்ஜர் ஸ்டேடியம். அதே 18 இன்னிங்ஸ். பாஸ்டனுக்கு எதிராக மேக்ஸ் மன்சி ஹோம் ரன் அடித்து 3-2. கிளாக் இல்லாத காலம்.

அன்று ஏழு மணி 20 நிமிடம், வீசிய பந்து 561. திங்கட்கிழமை ஆறு மணி 39 நிமிடம், வீசிய பந்து 609. இடைவெளிகள் எல்லாம் சேர்த்து ஒரு பந்துக்கு அன்று 47 நொடி, இன்று 39. 48 பந்து கூடுதலாகப் பார்த்திருக்கிறோம், 41 நிமிடம் முன்னால் படுத்திருக்கிறோம். ஒரு இன்னிங்ஸும் குறையவில்லை.

இரண்டு புத்தகத்தையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். 2018 பக்கத்தின் ஓரத்தில் 16ஆவது இன்னிங்ஸுக்கு நேராக ஒரு காபிக் கறை. அவள் தூங்கிப்போன பதினொன்றாவது இன்னிங்ஸிலிருந்து விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தது. பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது, 15ஆவதோடு நிறுத்தியிருக்கிறோம். மிச்சம் இன்று இரவு.